பெரிய மாமன் போட்ட கேம்ஷாஃப்ட்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க தம்பி. அந்த டயர் மேலேயே உட்காரலாம், ஒண்ணும் ஒட்டாது. தள்ளி உட்கார்ந்தால் நான் கத்திப் பேச வேண்டிவரும். கத்தினால் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். கேட்டால் என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்து, வந்த ஆளை விடுங்க, பாவம் பஸ்ஸுக்குப் போகட்டும் என்பாள். அவளுக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. சொல்லச் சொல்ல இனிக்குது, அதுக்கு நான் என்ன செய்யட்டும்.

நீங்க கேட்டது ஒரே கேள்வி. இந்த வண்டிக்கு என்ன கேம்ஷாஃப்ட் போட்டீங்க ஐயா, என்று. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இருக்கிறதிலேயே பெரிசு. அவ்வளவுதான். நீங்களும் போய் ஒரு பெரிசாகப் பார்த்து வாங்கி உங்க வண்டியில் போட்டுவிடலாம். ஆனால் எப்படிப் போட்டேன் என்று தெரியாமல் போட்டீங்கன்னா, வண்டி உங்களை நடுரோட்டில் உட்கார வைத்துவிடும். அதனால் இங்கேயே உட்காருங்க.

முதலில் வண்டியைப் பாருங்க. அமெரிக்காக்காரன் செய்தது. எட்டு சிலிண்டர். இன்ஜின் மட்டும் ஒரு ஊர், நாம் உட்காரும் இடம் அந்த ஊருக்குப் பக்கத்து குக்கிராமம். எங்க மில் முதலாளி ஒரு காலத்தில் ஆசைப்பட்டுக் கப்பலில் இறக்கினார். மில் மூடின பிறகு குடோனில் கோழி அடைந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் என் கையைத் தவிர வேறு யார் கைக்கும் ஸ்டார்ட் ஆகாது. முதலாளியம்மா பார்த்தார்கள், நீயே ஓட்டிக்கிட்டுப் போ சென்னியப்பா என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன் தம்பி. ஆனால் என் காது நிறையப் படித்த காது. தெருமுனையில் ஒரு லாரி திரும்பினால், எத்தனாவது சிலிண்டரில் வால்வு தட்டுது என்று இங்கே படுத்துக்கொண்டே சொல்லுவேன்.

இதில் டர்போ கிடையாது. காற்றை ஊதித் திணிக்கிற சமாச்சாரம் எதுவும் கிடையாது. மூக்கால் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் அதுக்குச் சாப்பாடு. சொந்த மூச்சு வண்டி என்பேன் நான். என் தம்பி குழந்தைவேலு வைத்திருக்கிறான் பாருங்க, அது டர்போ. இரவல் மூச்சு. அவனும் அந்த மாதிரிதான், சின்ன வயசில் இருந்தே என் சட்டையைத்தான் போடுவான்.

எங்களுக்கு நடுவில் ஒரு தங்கச்சி, சொர்ணம். அவளுக்கு ஒரே பெண், மேகலா. கல்யாணம் அந்த மேகலாவுக்குத்தான். சொர்ணத்தின் வீட்டுக்காரர் இருக்கும்போது கணபதி ஊர்ப் பக்கம் கேம்ஷாஃப்ட் கிரைண்டிங் கடை வைத்திருந்தார். கேம்ஷாஃப்ட்டைச் சாணை பிடித்து அளவுக்குக் கொண்டுவருகிற வேலை. மேகலா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் தவறிவிட்டார். அப்புறம் சொர்ணம் சும்மா கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். எப்பப் போனாலும் மெஷின் முன்னால் நிற்பாள், கையில் மைக்ரோமீட்டர் இருக்கும். பொழுது போகணும் இல்லையா. மேகலா இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அதே கடையில் உட்கார்ந்துவிட்டாள். கெட்டிக்காரி. எங்க வீட்டுக் கெட்டிக்காரத்தனம் முழுக்க அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்கள். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார்கள்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. கல்யாணத்தன்று காலையில் பெண்ணைப் பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபத்துக்குத் தாய்மாமன்தான் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வரணும். முன்னால் மேளம், பின்னால் வண்டி, நடைவேகம். மண்டப வாசலில் மாமன் இறங்கி, சீர்த்தட்டோடு, பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகணும். ஊரே பார்க்கும். ஆம்பளைக்கு அதைவிட என்ன வேணும் சொல்லுங்க. தகப்பன் இல்லாத பெண் வேறு. மாமன்தானே எல்லாம்.

மாமன் ஒருத்தனாக இருந்தால் சரி. ரெண்டு பேர் இருந்தால்?

உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி பேசின அன்றைக்கே ஆரம்பித்தது. பெரிய மாமன் நான்தானே, என் வண்டியில்தான் என்றேன். வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டே குழந்தைவேலு, அண்ணன் வண்டி மண்டபம் வந்து சேருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும் என்றான். சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்கிறான், பாருங்க தம்பி. பாயைச் சுருட்டி எழுந்துவிட்டேன். அவனும் எழுந்தான். சொர்ணம் சமையல்கட்டு வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நல்ல காரியத்தில் முன்னால் வரமாட்டாள். யாரும் வராதே என்று சொன்னதில்லை. அவளே ஓரமாக நின்றுகொள்வாள். மண்டபத்தில்கூட பின்தூண் பக்கமாக அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடணும் என்று நானே ஞாபகமாகச் சொல்லி வைத்திருந்தேன். இதையெல்லாம் கூடப் பிறந்தவன் பார்த்துச் செய்யணும் இல்லையா.

இந்தச் சண்டையை நிறுத்தினது மேகலா. உள்ளேயிருந்து வந்தாள், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ரெண்டு மாமாவும் ஓடுதளத்தில் ஓடிப் பாருங்க, யார் முன்னால் வருகிறாரோ அவர் வண்டியில் நான் ஏறுகிறேன், அப்புறம் ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது என்றாள். ஓடுதளம் என்றால் விமானம் இறங்கின பழைய ஓடுதளம், இப்போது புல் முளைத்துக் கிடக்குது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அங்கே கால் மைல் ஓட்டம் விடுவார்கள். நின்ற இடத்தில் இருந்து கால் மைல். அவ்வளவுதான் பந்தயம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கைதட்டிவிட்டார். அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் பின்வாங்க முடியுமா?

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை தம்பி. பயத்தில் இல்லை. என்ன கேம் போடலாம் என்கிற சந்தோஷத்தில்.

கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்கு வாட்ச்மேன் மாதிரி. எந்தக் கதவை எப்போது திறக்கணும், எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம், எல்லாம் அந்த ஒரு கம்பிதான் சொல்லும். கம்பியில் முட்டை முட்டையாகப் புடைத்திருக்கும். முட்டை பெரிசானால் வால்வு அகலமாகத் திறக்கும், ரொம்ப நேரம் திறந்திருக்கும், காற்று கொள்ளை கொள்ளையாக உள்ளே போகும். இது எனக்குப் போதும். ஒரு பையன் செல்போனில் காட்டினான், அமெரிக்காவில் ஒரு வண்டி நின்ற இடத்தில் நிற்குது, ஓடவில்லை, ஆனால் சாமி வந்த மாதிரி ஆடுது. டபக், டபக்-டபக், டபக். பானெட் குலுங்குது. கண்ணாடி குலுங்குது. என் நெஞ்சும் குலுங்கிப்போச்சு. என்னடா இது என்றேன். பெரிய கேம் தாத்தா என்றான். முடிந்தது. அதுதான் எனக்கு வேணும்.

மேகலாவிடம் போனேன். அவள் ஒரு பெரிய பிரசங்கம் வைத்தாள். முதலில் பின்னச்சில் இருக்கிற பல்சக்கரத்தை, கிரவுன் பினியனை மாற்றணும் என்றாள், எழும்பும்போது வண்டி துள்ளும். சைலன்சர் குழாயை நீளமாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வளைக்கணும் என்றாள், புகை நெரிசல் இல்லாமல் வெளியே போகும். கார்பரேட்டர் ஜெட்டைப் பெரிசாக்கணும், வால்வு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கணும். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். கேம் மட்டும் நடுத்தரமாகப் போடணும் மாமா என்றாள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்று ஆனது.

"மாமா, மண்டபத்துக் கதவை நினைச்சுப் பாருங்க. பந்திக் கூட்டம் வர்றப்ப அகலத் திறந்து வெச்சா நல்லதுதான். கூட்டமே இல்லாதப்பவும் அப்படியே திறந்து வெச்சா, வந்த நாலு பேரும் வந்த வழியே திரும்பிப் போயிருவாங்க. பெரிய கேம் இன்ஜின் கத்திச் சுத்தறப்பதான் இழுக்கும். மெதுவாச் சுத்தறப்ப, கீழ தூங்கும்."

"தூங்காது கண்ணு. நான் எழுப்புவேன்."

"பிரேக்குக்கு வாக்குவம் வராது. மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். ஊர்வலத்துல மேளக்காரங்க மேல ஏத்திருவீங்க."

"தவில்காரன் ஒதுங்கிக்குவான்."

அப்போது மெஷின் பக்கத்தில் இருந்து சொர்ணமும் சொன்னாள், "பந்தயத்துக்கும் அதே கேம்தான், ஊர்வலத்துக்கும் அதே கேம்தான் அண்ணா, பார்த்துக்கங்க" என்று. நான் சிரித்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் வாயில் இதெல்லாம் வந்துவிட்டது.

மேகலா பேனாவைக் கீழே வைத்தாள். மாமா, உங்களுக்கு வேகம் வேணுமா, அந்த ஆட்டம் வேணுமா என்றாள். ரெண்டும் வேணும் என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொர்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சரி மாமா என்றாள் மேகலா. பாருங்க, நாம் உறுதியாக நின்றால் கெட்டிக்காரியும் இறங்கி வருவாள்.

பெரிய கேமுக்கு முதலாளி பேரனிடம் சொன்னேன். அவன் அமெரிக்காவில் இருக்கான், தங்கமான பையன், அனுப்பி வைத்தான். பெட்டியைப் பிரித்தால் எண்ணெயில் குளித்துக்கொண்டு பளபளவென்று படுத்திருக்குது. ஒவ்வொரு முட்டையும் வாத்து முட்டை. கையில் எடுத்ததும் குழந்தை மாதிரி ஆட்டிப் பார்த்தேன்.

அதை நேரே இன்ஜினில் போட்டுவிடலாமா? மனசு வரவில்லை. எங்க குடும்பத்தில் கிணற்று மோட்டார் வாங்கினாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, கருப்பராயன் கோயிலில் வைத்துப் பூசை போட்டுத்தான் பிளக்கில் சொருகுவோம். பூசை முடிந்ததும் மஞ்சள் துணியில் சுற்றிவிடுவார் பூசாரி. நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்குகிற வரைக்கும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பூசை போனது போனதுதான். கேம்ஷாஃப்ட்டுக்கும் அப்படியே செய்தேன். ஆனால் அதை என் வீட்டில் வைக்கப் பயம். பேரன் பேத்திகள் எடுத்துக் கிரிக்கெட் ஆடிவிடுவார்கள். மேகலா தானாகவே, நல்ல நேரம் வரைக்கும் கடை பீரோவில் இருக்கட்டும் மாமா, நானே பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்றாள். எவ்வளவு பொறுப்பு பாருங்க. இன்ஜினில் இருந்து கழற்றின பழைய கேமையும் அவளிடமே கொடுத்து, இரும்புக்கடைக்குப் போட்டுவிடு கண்ணு என்றேன்.

நடுவில் ஒரு நாள் கடைக்குப் போனேன். சொர்ணம்தான் கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்றிருந்தாள், பொறி பறக்குது. கிட்டப் போய், என்ன அரைக்கிறே என்றேன். ஏதோ பழைய கேம் அண்ணா என்றாள். மேகலா பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு, ரெண்டு முட்டையையும் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைம்மா, அப்பத்தான் ஆட்டம் வரும் என்றாள். யாருக்கோ என்னவோ வேலை. நான் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நல்ல நேரத்தில் வேலை தொடங்கினோம். மஞ்சள் துணியை நானே பிரித்தேன். பெட்டியைப் பிரித்தபோது முனையில் இருந்த நம்பரைக் காணோம். எங்கே என்றேன். கருப்பராயன் கை பட்டதுக்கு நம்பர் எதுக்கு மாமா என்றாள் மேகலா. அதுவும் சரிதான். இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. என் பழைய கேமின் முனையில் நான் ஒரு தடவை உளி வழுக்கிக் கீறிவிட்டிருந்தேன், நீளமாக, அரிவாள் மாதிரி. இந்தப் புதுசிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கீறல். அமெரிக்காக்காரனும் மனுஷன்தானே, அவனுக்கும் உளி வழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்கு நெருக்கமாகக்கூட இருந்தது.

புது கேம் போட்டால் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஐடிலில், சும்மா மெதுவாக ஓட, விடக் கூடாது தம்பி, இது நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளணும். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துச் சத்தமாகவே கொஞ்ச நேரம் ஓடவிடணும். அப்பத்தான் முட்டையும் அது தள்ளுகிற டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியாக விடுகிற மாதிரி. நான் விட்டேன். தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விட்டன. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆசிரியர் வந்து ஏதோ சொன்னார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது, நான் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் காலை எடுத்தேன். வண்டி இறங்கி ஐடிலுக்கு வந்தது.

டபக். டபக்-டபக். டபக்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பானெட் மேலே வைத்திருந்த டம்ளர் தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது. என் வீட்டுக்காரி வெளியே வந்து, என்ன கோளாறு என்றாள். கோளாறு இல்லடி, இதுதான் பெரிய கேம் என்றேன். காது பொய் சொல்லாது தம்பி. வேறு யாராவது சின்ன கேமைப் போட்டு என்னை ஏமாற்ற முடியுமா? ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன்.

ஓட்டத்தன்று ஊர்ப்பாதி ஓடுதளத்தில். மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்துவிட்டார்கள், சுண்டல் விற்கிறவன்கூட வந்துவிட்டான். குழந்தைவேலு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டர்போவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நிறுத்தினேன். என் வண்டி ஆடின ஆட்டத்தில் அவன் வண்டிக் கண்ணாடியும் சேர்ந்து அதிருது. அண்ணா, வண்டிக்குக் குளிர் ஜுரமா என்றான். உனக்கு வரும்டா இப்ப என்றேன்.

நடுவில் மேகலா நின்றாள். துண்டைத் தூக்கினாள். இறக்கினாள்.

இங்கேதான் தம்பி விஷயம். அவன் மிதித்தான், நானும் மிதித்தேன். அவன் டர்போ மூச்சுப் பிடித்து ஊதுவதற்குள் என் வண்டி எழும்பிவிட்டது. எழும்பினது என்றால், முதுகு சீட்டில் ஒட்டிவிட்டது, வாயில் இருந்த பாக்கு தொண்டைக்குப் போய்விட்டது. கீழேயிருந்தே அப்படி ஒரு இழுப்பு. பெரிய கேம் கீழே தூங்கும் என்றாளே மேகலா, தூங்கவே இல்லை. படித்த பிள்ளைக்கும் சில சமயம் தவறும், அதை நாம் பெரிசு பண்ணக் கூடாது. நான் இன்றைக்கு வரைக்கும் அவளிடம் சொல்லிக் காட்டினதில்லை. கடைசிப் பக்கம் அவன் வண்டி புஸ்ஸென்று சீறிக்கொண்டு நெருங்கி வந்தது உண்மை. கண்ணாடியில் பெரிசாகிக்கொண்டே வருகிறான். ஆனால் கோடு வந்துவிட்டது. பானெட் நீளம் முன்னால் நான். இந்தப் பானெட் எவ்வளவு நீளம் என்று நீங்களே பாருங்க.

குழந்தைவேலு இறங்கி வந்து என் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"பெரிய கேம் போட்டா கீழ இழுக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்கு மட்டும் எப்படிண்ணா இழுத்துச்சு?"

"நாம போட்டா இழுக்கும்டா."

மேகலா சிரித்த சிரிப்பு இருக்கே, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பெரிய மாமன் ஜெயிக்கணும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருந்தால் அப்படிச் சிரிப்பாள். சொர்ணம் தண்ணீர்ச் செம்போடு வந்து இன்ஜின் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நல்லா வந்திருக்கு அண்ணா என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பாசம். செம்பை வாங்கிக் குடித்தேன்.

அதுக்கப்புறம் இந்த வட்டாரத்தில் என்ன கேம், என்ன கேம் என்று கேட்டு வருகிற ஆளெல்லாம் உங்களை மாதிரி இங்கேதான் வருகிறார்கள். நான் மேகலா கடைக்கு அனுப்பி வைப்பேன். சென்னியப்பன் மாமன் போட்ட அதே கேம் வேணும் என்று சொல்லுங்க, அவளுக்குத் தெரியும். கொஞ்சம் சிரிப்பாள், அப்புறம் செய்து கொடுப்பாள். அங்கே கடை உள்ரூம் வாசலில் ஒரு திரை தொங்கும் பாருங்க. திரையைக் கோத்திருக்கிற கம்பி ஒரு கேம்ஷாஃப்ட். பளபளவென்று, ஒவ்வொரு முட்டையும் வாத்து முட்டை. முனையில் நம்பர்கூட இருக்கு. என்னோடது மாதிரியே இருக்கே கண்ணு என்றேன். ஓடாத கேம் மாமா, திரைக்காவது ஆகட்டும்னு போட்டோம் என்றாள். எந்தப் பாவப்பட்டவன் பணங்கட்டி வாங்கி ஏமாந்தானோ.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். அதுதானே முக்கியம்.

காலையிலேயே வண்டியைக் கழுவி, கதம்ப மாலை போட்டு, கோயில் வாசலில் நிறுத்திவிட்டேன். வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. கையில் சீர்த்தட்டு. பட்டுப்புடவை, தேங்காய், பழம், மாலை. மேளக்காரர்கள் தயார். பெண் வந்து ஏற வேண்டியதுதான் பாக்கி. பார்த்தால் குழந்தைவேலு வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறான், அவன் கையிலும் ஒரு சீர்த்தட்டு. பந்தயத்தில் தோற்றால் மாமன் இல்லை என்று ஆகிவிடுமா என்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அடேய், வாக்கு வாக்குதானே என்றேன் நான். தவில்காரர் ரெண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது என்று யாரோ பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரெண்டு தட்டும் மோதி என் தட்டில் இருந்த ஆரஞ்சு ஒன்று உருண்டு போனது.

மேகலா கோயில் படி இறங்கி வந்தாள். கோபமே இல்லை. பூ வாசம் முன்னால் வருது.

"ரெண்டு மாமாவும்தான் மாமா. ஏறுங்க. தட்டோட பின்னால உட்காருங்க."

அவள் சொன்ன அழகில் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். இந்த வண்டிக்கு ரெண்டே கதவுதான். பின்சீட்டுக்குப் போகணும் என்றால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, புகுந்துதான் போகணும். போனோம். முழங்கால் தாடையில் இடிக்குது, தட்டு மடியில், மாலை மூக்கில். குழந்தைவேலுவின் முழங்கை என் விலாவில். அவள் சீட்டை நிமிர்த்திவிட்டாள். அப்புறம் யார் ஓட்டப் போகிறார்கள் என்று நாங்கள் யோசிப்பதற்குள், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சொர்ணத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நான் எதுக்கு சாமி முன்னால. நீங்க போங்க, நான் ஆட்டோவுல வர்றேன்."

மேகலா விடவில்லை. அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பு கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். சுற்றி வந்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். எங்க ஊரில் கல்யாணப் பெண் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததை யாராவது பார்த்திருப்பார்களா சொல்லுங்க. நாயனக்காரர் சீவாளியை வாயில் இருந்து எடுத்துவிட்டார். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வாசிங்க என்று.

நடைவேகம். டபக், டபக்-டபக். ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு இடத்தில் துள்ளவில்லை. குழந்தை ஒன்று குறுக்கே ஓடினது, பிரேக்கைத் தொட்டாள், பூ மாதிரி நின்றது. பார்த்தாயாடா, பெரிய கேமை எப்படிப் பழக்கி வைத்திருக்கேன் என்று குழந்தைவேலுவிடம் சொன்னேன். அவன் மாலையை மூக்கில் இருந்து ஒதுக்கிக்கொண்டு, ஆமாண்ணா என்றான். தோற்ற பிறகு நல்ல பிள்ளையாகிவிட்டான். தெரு முழுக்க மாடியில் ஜனம். நாங்கள் ரெண்டு பேரும் பின்சீட்டில் இருந்து கையாட்டினோம். முன்னால் சொர்ணம் மடியில் கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கியர் மாறும்போதெல்லாம் அவள் தலை லேசாக அசைந்தது.

மண்டப வாசல் வந்தது. ஆலாத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மேகலா நிறுத்தினாள், இறங்கினாள், அந்தப் பக்கம் போய் அம்மாவை இறக்கினாள், ரெண்டு கதவையும் சாத்தினாள். இந்தக் கதவு அடித்துச் சாத்தினால்தான் சாத்தும், அடித்தே சாத்தினாள். அவசரத்தில் முன்சீட்டை மடக்க மறந்துவிட்டாள் போல. இன்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணு, சீட்டு, சீட்டு என்று நான் கத்துகிறேன், பாப்பா, லீவர் என்று அவன் கத்துகிறான், எங்க சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. டபக்-டபக் என்று அது ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். வெளியே இருந்தவர்கள் நாங்கள் சந்தோஷத்தில் கையாட்டுகிறோம் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டினார்கள்.

அப்புறம் அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. நான்தான் சொன்னேனே, பொறுப்பான பெண். ரெண்டு எட்டு போனவள் திரும்பி வந்தாள். கதவு ஜன்னல் வழியாகக் குனிந்தாள். நாங்கள் முழங்காலை எடுத்து எழுந்திருக்கத் தயாரானோம். சீட்டு லீவர் பக்கம் அவள் கை போகவே இல்லை. ஜன்னல் வழியாகவே கையை நீட்டி, என் மடியில் இருந்த சீர்த்தட்டை எடுத்தாள், எடுத்துத் திரும்பி, வாசலில் தயங்கி நின்ற அவள் அம்மா கையில் கொடுத்தாள். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஆலாத்தி முன்னால் ரெண்டு பேருமாக நின்று, அம்மாவை முதலில் படியேற்றினாள்.